ராஜநாயக்கன் ஏன் குருவாக அபிஷேகம் பெறவில்லை?

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 6:1–7, கலாத்தியர் 2:11–14, யாக்கோபு 2:1–9



இந்த வாரத் தியானம் சிறப்பாக ஆயர்களை நோக்கியது. சபைத் தலைமைத்துவத்தைக் குறித்து இன்று நூல்களுக்கும் கருத்தரங்குகளுக்கும் குறைவில்லை. நேரத்தை எப்படிப் பங்கிடுவது, கமிட்டிக் கூட்டத்தை எப்படி நடத்துவது, இளைஞரை எப்படி ஈர்ப்பது என்றெல்லாம் கற்பிக்கிறார்கள். இவை பயனற்றவை என்று சொல்லேன். ஆனால் காவிரிப் பாசன மண்ணில் ஊழியம் செய்கிற ஆயர் முதலாவது பதில் சொல்லவேண்டிய கேள்வி அந்தப் பாடத்திட்டங்களில் இல்லை. யாரைத் தலைமைக்கு அழைக்கிறோம்? யாரை அழைக்காமல் விடுகிறோம்? விடுவதற்கு நமக்கு நாமே என்ன காரணம் சொல்லிக்கொள்கிறோம்?

அந்தக் காரணம் பெரும்பாலும் ஒரே வாக்கியமாக வருகிறது: “எனக்கு ஒன்றுமில்லை ஐயா, ஆனால் சபையார் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.” சேகரக் கமிட்டி அறைகளில் இதை எத்தனை முறை கேட்டிருப்போம்! இந்த வாக்கியத்துக்கு நம் பகுதியில் ஏறக்குறைய 300 வயது. அதன் பிறப்பிடத்தை நாம் அறிந்துகொள்வது நல்லது.

1733: தரங்கம்பாடி

சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1719இல் அவர் மரித்தபோது தமிழில் அச்சிட்ட புதிய ஏற்பாடும், புதிய எருசலேம் ஆலயமும், ஒரு சிறு சபையும் இருந்தன. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் சுவிசேஷம் தஞ்சை மன்னரின் நாட்டுக்குள் பரவியது. டேனியக் கோட்டையின் எல்லையைத் தாண்டி ஐரோப்பிய மிஷனரிகள் தாராளமாக நடமாட முடியாத காலம் அது. ஆகவே உள்நாட்டுச் சபைகளை உபதேசியார்களே தாங்கினார்கள். அவர்களில் முதன்மையானவர்களுள் ஒருவர் ராஜநாயக்கன்.

அவர் பறையர் குலத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரராக இருந்தவர். தரங்கம்பாடியில் அச்சிட்ட சுவிசேஷப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. அதை வாசித்து, சிந்தித்து, 1727ஆம் ஆண்டளவில் மிஷனரிகளோடு தொடர்பு கொண்டார். பின்பு படைத்தொழிலை விட்டு உபதேசியார் ஆனார். மிஷனரிகள் எளிதில் போகமுடியாத தஞ்சை நாட்டில், எதிர்ப்பின் நடுவில் சபையைக் கட்டினார்.

1733இல் தமிழர் ஒருவருக்குக் குருத்துவ அபிஷேகம் கொடுப்பது என்று மிஷனரிகள் தீர்மானித்தபோது, எண்ணிப் பார்க்கப்பட்ட பெயர்களில் ராஜநாயக்கனுடைய பெயரும் இருந்தது. அவருடைய பக்தியை யாரும் குறை சொல்லவில்லை. அவருடைய உழைப்பையும் குறை சொல்லவில்லை. ஆயினும் அவர் ஒதுக்கப்பட்டார். பறையர் ஒருவருடைய கையிலிருந்து மற்றக் குலத்துக் கிறிஸ்தவர்கள் திருவிருந்தை வாங்கமாட்டார்கள் என்பதே காரணம். அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று, கடலூரில் வேளாளர் குடும்பத்தில் ஆறுமுகமாகப் பிறந்து 1718இல் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன் அபிஷேகம் பெற்றார். இந்தியப் புராட்டஸ்டண்டு திருச்சபையின் முதல் சுதேசி குரு அவரே. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

ஆரோனைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. மாயவரம் பகுதியிலே 1745இல் தாம் மரிக்கும்வரை அவர் உண்மையாய் உழைத்தார். அவர் பெயரை நாம் நன்றியோடு நினைப்பது சரியே. நான் கேட்பது மற்றவரைக் குறித்து. நம்முடைய திடப்படுத்தல் வகுப்புகளில் எத்தனை பிள்ளைகளுக்கு ராஜநாயக்கனின் பெயர் தெரியும்? பிள்ளைகளை விடுங்கள், எத்தனை ஆயர்களுக்குத் தெரியும்?

யார் மறுத்தது?

இந்த நிகழ்ச்சியில் ஒன்றைக் கூர்ந்து கவனியுங்கள். ராஜநாயக்கன் திருவிருந்து கொடுத்து, அதை ஒருவர் வாங்க மறுத்த ஒரு ஞாயிறு சரித்திரத்தில் இல்லை. மறுப்பார்கள் என்று எதிர்பார்த்தே காரியம் முடிக்கப்பட்டது. மறுக்கிறவன் வாயைத் திறந்து மறுக்கும் சிரமத்தைக்கூட அவனுக்கு வைக்கவில்லை. அவன் மனந்திரும்ப ஒரு தருணமும் கொடுக்கப்படவில்லை. தன் சகோதரன் கையிலிருந்து அப்பத்தை வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு வேளாளக் கிறிஸ்தவன் பந்திக்கு முன் முழங்காற்படியிட்டுத் தீர்மானித்திருக்க வேண்டிய காரியம், ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களால் அவனுக்காகத் தீர்மானிக்கப்பட்டது.

அந்த மிஷனரிகள் கொடியவர்கள் அல்லர். வீட்டையும் தேசத்தையும் விட்டு வந்து, இந்த மண்ணிலேயே பலர் அடக்கமானவர்கள். சபை உடைந்துவிடக் கூடாது என்றே எண்ணினார்கள். நான் சொல்லவருவதும் அதுதான். சாதியைச் சபைக்குள் காப்பாற்றுகிறவர் பெரும்பாலும் சாதிவெறியர் அல்லர். சமாதானத்தை விரும்புகிற நல்ல மேய்ப்பரே அதைக் காப்பாற்றுகிறார். வெறியனை நாம் கண்டிப்போம். நல்ல மேய்ப்பரின் முன்யோசனையையோ விவேகம் என்று பாராட்டுவோம்.

அந்தியோகியாவில் பேதுரு செய்தது இதுவே. புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகினார். அவருடைய உபதேசம் மாறவில்லை, பந்தியில் அவருடைய இடந்தான் மாறியது. பவுல் அதைச் சிறு காரியமாக எண்ணவில்லை. எல்லாருக்கும் முன்பாக எதிர்த்தார். பந்தி பிரிந்தால் சுவிசேஷமே பிரிந்தது என்று கண்டபடியால் எதிர்த்தார்.

எருசலேம் சபையிலும் ஒரு பிரச்சினை எழுந்தது. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தி விசாரணையில் புறக்கணிக்கப்பட்டார்கள். அப்போஸ்தலர் சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த ஏழு பெயர்களையும் வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. எல்லாம் கிரேக்கப் பெயர்கள். முறுமுறுத்தவர்களின் பக்கத்திலேயே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. மற்றவர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்று பெரும்பான்மையோரின் முகத்தைப் பார்த்து அவர்கள் தயங்கியதாக லூக்கா எழுதவில்லை. அதற்குப் பின்புதான் வசனம் விருத்தியடைந்தது, சீஷர்களின் தொகை பெருகிற்று என்று எழுதுகிறார்.

சுவார்ட்சின் வாக்கும் அவருடைய மௌனமும்

தஞ்சைக் கோட்டைக்குள் சிவகங்கைக் குளத்தருகே 1779இல் கட்டிய ஆலயத்துக்குள் போகிறவர்கள், சரபோஜி மன்னர் சுவார்ட்சு ஐயருக்காக லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனிடம் செய்வித்த சலவைக்கல் சிற்பத்தைக் காணாமல் வரமுடியாது. மரணப் படுக்கையில் இருக்கும் ஐயரின் கையை மன்னர் பற்றி நிற்கிறார். மன்னர் ஒருவர் ஓர் ஊழியரை இப்படி நேசித்ததற்குக் காரணம் இருந்தது.

ஐதர் அலியின் படையெடுப்புக் காலத்தில் தஞ்சைக் கோட்டையில் பஞ்சம் வந்தது. வெளியே நெல் இருந்தும், கொண்டுவர வண்டிமாடு கிடைக்கவில்லை. முன்பு மாடு கொடுத்தவர்களுக்குக் கூலி கொடுக்காமல் ஏமாற்றியதால், அதிகாரிகளை ஒருவரும் நம்பவில்லை. சுவார்ட்சு ஐயர், “உங்கள் கூலிக்கு நான் பொறுப்பு” என்ற பொருளில் வாக்குக் கொடுத்தார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னபடியே கூலியும் கொடுத்துத் தீர்த்தார். ஆயருக்குரிய அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தத் தலைமைத்துவ நூலில் இருக்கிறது? அங்கியிலிருந்து வரவில்லை, கமிட்டியின் வாக்குகளிலிருந்தும் வரவில்லை. காப்பாற்றிய வாக்கிலிருந்து வந்தது.

ஆனால் அவருடைய ஆலயத்திலும் உயர்ந்தவர் என்று எண்ணப்பட்டவர்கள் ஒரு பக்கமும் தாழ்ந்தவர் என்று எண்ணப்பட்டவர்கள் மறுபக்கமும் உட்கார்ந்தார்கள். காலப்போக்கில் இது மறையும் என்று பொறுத்துக்கொண்டார். அது மறையவில்லை. 1798இல் அவர் மரித்து முப்பது ஆண்டுகளுக்குப் பின், அந்த இருக்கை வரிசைதான் தஞ்சைச் சபையைப் பிளந்த காரியங்களில் ஒன்றாயிற்று. அவருடைய சொந்த மாணவரான வேதநாயகம் சாஸ்திரியார் தம்முடைய குருவின் வழக்கத்தையே சான்றாகக் காட்டி, சாதி ஒழுங்கைக் காக்க வாதாடினார். ஒரு நல்ல மேய்ப்பரின் மௌனம் அடுத்த தலைமுறையில் சட்டமாகிவிட்டது.

80,000 கலம் நெல்லை வரவழைத்த அந்த நம்பகத்தை அவர் இருக்கை வரிசைக்காகவும் செலவிட்டிருந்தால்! பரிசுத்தவானை நியாயந்தீர்க்க நான் இதைச் சொல்லவில்லை. சபையார் நம்மேல் வைக்கும் நம்பிக்கை நம்முடைய ஓய்வூதியத்துக்காகச் சேர்த்து வைக்கும் பணம் அல்ல என்பதற்காகச் சொல்லுகிறேன். கடைசி வரிசையில் இருக்கிறவனுக்காகச் செலவிடவே அது நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

சுற்றறிக்கை மட்டும் போதாது

1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே முற்றிலும் விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். அவர் எழுதியது சத்தியம். ஆனால் விளைவு என்ன? வேப்பேரியிலும் தஞ்சையிலும் திரளானவர்கள் ஆராதனையை விட்டு விலகினார்கள். பின்பு வந்த லீப்சிக் மிஷன் சாதி வழக்கத்தைப் பொறுத்துக்கொண்டபடியால், அவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

இதைக் காட்டித்தான் இன்றும் சிலர், “பார்த்தீர்களா, தொட்டால் சபை உடையும்” என்கிறார்கள். சரித்திரம் சொல்வது வேறு. நூறு ஆண்டு வாய்மூடி இருந்துவிட்டு, தூர தேசத்திலிருந்து ஒரே நாளில் கட்டளை அனுப்பினால் உடையும். இடையில் செய்யவேண்டிய மேய்ப்பு செய்யப்படவில்லை. சாஸ்திரியாருடைய மனத்தாங்கலில் புதிய மிஷனரிகளின் அதிகாரத் தோரணைக்கும் பங்குண்டு. தமிழ்ச் சபையின் பாட்டையும் பழக்கத்தையும் அவர்கள் மதிக்கவில்லை என்ற வருத்தம் அது. அந்த வருத்தம் நியாயமானது, அதைக்கொண்டு அவர் காக்க முயன்ற ஒழுங்கு நியாயமற்றது. ஆயர் இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

போகிறவர்களைக் குறித்து ஒரு வார்த்தை. கோபித்துப் போகிறவர்கள் சத்தமிட்டுப் போகிறார்கள், சந்தாவை நிறுத்துகிறார்கள், அத்தியட்சருக்கு எழுதுகிறார்கள். அவர்களை நாம் எண்ணுகிறோம். கடைசி வரிசையில் இருந்து, ஒருநாளும் பெயர்சொல்லி அழைக்கப்படாமல், மெல்ல வராமல் நின்றுபோனவர்களை யார் எண்ணுகிறோம்? அவர்கள் போனது பதிவேட்டில்கூட இல்லை.

இது பழங்கதையா?

திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தைச் சாதியால் பிரித்த சுவருக்கு எதிராகப் பல ஆண்டுகள் போராட்டம் நடந்ததை அறிவோம். அதைச் சொல்லி நம்மைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். நம் கல்லறைத் தோட்டங்களில் செங்கல் சுவர் இல்லாமல் இருக்கலாம், எந்தக் குடும்பம் எந்த மூலையில் என்று குழிவெட்டுகிறவருக்குத் தெரியும்.

1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவரின் ஆணை பட்டியல் சாதியினருக்குரிய உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது. தலித் கிறிஸ்தவருக்கு இன்றும் இல்லை. இந்த அநீதிக்கு எதிராக நாம் கறுப்புக் கொடி பிடிக்கிறோம், பிடிக்கவும் வேண்டும். ஆனால் அதே வாரத்தில் நடக்கும் சேகரக் கமிட்டித் தேர்தலில் எந்தச் சாதிக்கு எத்தனை வாக்கு என்று விரல்விட்டு எண்ணினால், அரசாங்கத்திடம் நாம் கேட்கும் சமத்துவத்தை யார் நம்புவார்?

1968 டிசம்பர் 25 இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி நெல் உயர்வு கேட்ட தொழிலாளரின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். அது கிறிஸ்து பிறந்த பண்டிகை இரவு. இந்தப் பகுதியின் ஆயர் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் பிரசங்கத்தையும் அந்த நெருப்பு எரிந்த மண்ணில் நின்றுதான் செய்கிறார். சத்திரத்தில் இடமில்லாமற்போனதைப் பிரசங்கிக்கிற நாம், நம் பந்தியில் யாருக்கு இடமில்லை என்று கேட்காமலிருக்க முடியுமா?

ஆயர்கள் செய்யத்தக்கவை

கண்டனம் எழுதுவது எளிது. ஆகவே, நடைமுறையில் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

1. கமிட்டித் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே ஆட்களைத் தேடுங்கள். வேட்புமனு வந்தபின் ஆயரால் ஒன்றும் செய்ய இயலாது. ஒடுக்கப்பட்ட குடும்பங்களில் ஆவியும் ஞானமும் உள்ளவர்களைக் கண்டு, கணக்கு எழுதவும் கூட்டம் நடத்தவும் பழக்குங்கள். பாய் விரிப்பதும் பந்தல் போடுவதும் மட்டும் ஒரு சாராருக்கு, பொருளாளர் பெட்டியின் சாவி எப்போதும் வேறொரு சாராருக்கு என்றிருந்தால், அந்தச் சாவியிலிருந்தே தொடங்குங்கள்.

2. திருவிருந்தில் கிண்ணத்தை ஏந்தித் துணை செய்கிறவர் யார் என்பதை வழக்கத்துக்கு விட்டுவிடாதீர்கள். மூன்று வாரம் முன்பே வேதத்திலிருந்து போதியுங்கள். ஆட்சேபிக்கக்கூடியவர்களின் வீட்டுக்குப் போய் ஜெபித்துப் பேசுங்கள். பிறகு செய்யுங்கள். ஒருவர் வாங்காமல் எழுந்துபோனால் அடுத்த வாரமும் அவர் வீட்டுக்குப் போங்கள், ஆனால் ஏற்பாட்டை மாற்றாதீர்கள். முதலில் நீங்களே அந்தச் சகோதரரின் கையிலிருந்து வாங்குங்கள்.

3. வீடு சந்திப்பைக் கடைசித் தெருவிலிருந்து தொடங்குங்கள். அங்கே தண்ணீர் குடியுங்கள், பரிமாறினால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பெரிய வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சிறிய வீட்டில் ஜெபம் மட்டும் செய்துவிட்டு வருகிற ஆயரை ஊர் முழுதும் கவனிக்கிறது.

4. கல்லறைத் தோட்டத்தில் இடம் வரிசைப்படியே என்று கமிட்டியில் தீர்மானம் நிறைவேற்றி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். சாவு வீட்டில் நின்றுகொண்டு இதைப் பேச முடியாது. சாவு இல்லாத மாதத்தில் பேசுங்கள்.

5. அறுப்பின் பண்டிகையில், நாற்று நட்டவளும் கதிர் அறுத்தவனும் முதற்கதிரைப் பலிபீடத்துக்குக் கொண்டுவரட்டும். நிலம் உடையவரின் காணிக்கையைத் தொகையோடு ஒலிபெருக்கியில் வாசித்துவிட்டு, கூலிக்காரியின் ஒரு மரக்கால் நெல்லைப் பேசாமல் ஓரத்தில் கொட்டுவது, ஏழை விதவையைக் கவனித்த ஆண்டவருக்கு முன் தகாது.

6. சாதி கடந்து மணம் செய்ய வருகிற பிள்ளைகளுக்குச் சட்டப்படி வயதும் சம்மதமும் இருந்தால், ஓலை வாசியுங்கள். தள்ளிப்போடாதீர்கள். பெற்றோரோடு பேசுங்கள். ஆபத்து இருந்தால் காவல்துறையின் உதவியைத் தேடிக்கொடுங்கள். “வேறு ஆலயத்தில் வைத்துக்கொள்ளுங்கள்” என்பது ஆயர் சொல்லத்தக்க ஆலோசனை அல்ல.

7. பேராயத் தேர்தல்களில் சாதிக் கூட்டம் கூடும் வீட்டுக்குப் போகாதீர்கள், உங்கள் சொந்தச் சாதியார் கூடினாலும் சரியே. நம்முடைய சகோதரன் ஒதுக்கப்பட்டபோது பேசாமலிருந்துவிட்டு, நம் முறை வரும்போது சாதியைத் தேடுவது அடிமைத்தனத்தையே மாற்றி அணிவதாகும்.

8. ராஜநாயக்கனின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆரோனின் கதையோடு சேர்த்தே சொல்லுங்கள். ஒருவருக்குக் கிடைத்ததும் மற்றவருக்குக் கிடைக்காததும் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

இவற்றைச் செய்தால் உங்களுக்குச் சந்தா குறையலாம். இடமாற்றமும் வரலாம். சில நண்பர்கள், “ஐயா நல்லவர்தான், ஆனால் விவேகம் போதாது” என்பார்கள். சொல்லட்டும். சபையார் ஏற்றுக்கொள்வதை மட்டும் செய்வதற்கு மேய்ப்பன் தேவையில்லை, ஆடுகள் தாமே அந்தப் பக்கம் போய்விடும்.

அன்பான ஊழியரே, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஒரு பெயர் சொல்லப்படும். உடனே அந்தப் பழைய வாக்கியமும் சொல்லப்படும். அப்போது மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள். “யார் ஏற்றுக்கொள்ள மாட்டார்? அவர் பெயரைச் சொல்லுங்கள், நான் இன்று மாலையே போய் அவரைப் பார்க்கிறேன்” என்று கேளுங்கள். அநேகமாக ஒரு பெயரும் வராது. வந்தால், சொன்னபடி அன்று மாலையே போய்ப் பாருங்கள்.

ஜெபம்: எங்கள் பிரதான மேய்ப்பரே, நீர் அழைத்தவர்களை நாங்கள் தடுக்காதபடி எங்களைக் காத்தருளும். மனுஷருக்குப் பயப்படும் பயத்தை எங்களைவிட்டு அகற்றும். தஞ்சை நாட்டில் உமக்காக உழைத்து, மனிதரால் ஒதுக்கப்பட்ட உம்முடைய ஊழியக்காரரை நினைத்து உம்மைத் துதிக்கிறோம். உம்முடைய பந்தியில் முந்தினவர் பிந்தினவர் என்று நாங்கள் வைத்த வரிசையை நீரே கலைத்துப்போடும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.